கால்சியம் மாத்திரையா, செவெலமரா: சர்க்கரை நோயோடு டயாலிசிஸ் செய்பவருக்கு எது பொருந்தும்?

அக்காவின் இரத்தப் பரிசோதனைத் தாளில் கால்சியம் என்ற வரிக்கு எதிரே கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருந்தது. அளவு லிட்டருக்கு 2.05 மில்லிமோல், ஆய்வகம் வகுத்திருந்த கீழெல்லை 2.10. அன்று மாலைக்குள் குடும்பத்தில் பாதிப்பேர் கால்சியம் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மருத்துவரோ, இப்போது சாப்பிடும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிட்டுக் கால்சியம் சேராத, உணவின் பாஸ்பேட்டைப் பிடிக்கும் செவெலமர் என்ற மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்டிருந்தார். குறைந்திருப்பதை மேலும் ஏன் குறைக்க வேண்டும் என்ற கேள்விக்கு எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை. மொரீசியசில் நாங்கள் பேசும் கிரியோலில் ‘கால்சியோம் பா’ (கால்சியம் தாழ்வு) என்று இரண்டே சொல்லில் முடிந்துபோன அந்த விவாதத்தை நிதானமாகத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் அதற்குள் மூன்று நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருப்பது எனக்குப் புரிந்தது. நான் ரோஸ் ஹில்லில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மொரீசியசில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. டயாலிசிஸ் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் அந்த வழியாக அங்கு வந்து சேர்ந்தவர்களே. ஆகவே சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எந்த மாத்திரை நல்லது என்று பொதுவாகக் கேட்பது இங்கே போதாது. சர்க்கரையும் உள்ளவருக்கு எது நல்லது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிச் சேர்த்துக் கேட்டதும் விடை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பதே நான் கண்டது. ஏன் சாய்கிறது, யாருக்குச் சாய்வதில்லை என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அம்புக்குறி சொல்லாதது

இரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வெறுமனே சுற்றி வருகிறது. கட்டுறாமல் அயனியாக இருக்கும் பாதியே தசையிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் வேலை செய்கிறது. நெடுநாள் நோயில் ஆல்புமின் குறையும்போது மொத்தக் கால்சியமும் குறைந்ததுபோல் தாளில் தோன்றும். வேலை செய்யும் பகுதி அப்படியே இருக்கலாம். அக்காவின் ஆல்புமின் லிட்டருக்கு 31 கிராம். 40 கிராமுக்குக் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 மில்லிமோலைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்ற பழைய கணக்கின்படி பார்த்தால் 9 கிராமுக்கு 0.18 சேர்ந்து, அவருடைய கால்சியம் 2.23 ஆகிறது. அம்புக்குறி மறைந்துவிட்டது! இந்தக் கணக்கும் டயாலிசிஸ் நோயாளிகளிடம் அவ்வப்போது தவறுகிறது என்பதால், ஐயம் இருந்தால் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளந்து பார்ப்பதே சரி.

சென்னையில் படிக்கும் என் மருமகன் இதே தாளைப் பார்த்துவிட்டு, கால்சியம் 2 என்றால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமே என்று பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தான். அங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். நம் எண்ணை நான்கால் பெருக்கினால் அவர்கள் எண் கிடைக்கும், 2.23 என்பது அங்கே 8.9. சர்க்கரைக்கு 18 ஆலும் பாஸ்பேட்டுக்கு 3.1 ஆலும் பெருக்க வேண்டும். இந்தியாவில் மருத்துவம் பார்த்துவிட்டு இங்கே தொடர்பவர்கள் இந்த மூன்று எண்களையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாளில் நாங்கள் யாருமே கண்ணெடுத்துப் பார்க்காத வரி பாராதைராய்டு ஹார்மோன் என்பது. சிறுநீரகம் பழுதுபட்டால் வைட்டமின் டி அதன் செயல்படும் வடிவமான கால்சிட்ரியாலாக மாறுவது குறைகிறது. பாஸ்பேட் வெளியேறாமல் தேங்குகிறது. இவ்விரண்டாலும் கால்சியம் இறங்கப் பார்க்கிறது. அதைத் தூக்கி நிறுத்தக் கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகளும் ஓயாமல் ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவுகின்றன. ஆகவே டயாலிசிஸ் செய்பவரிடம் இந்த ஹார்மோன் இயல்பின் மேலெல்லையைவிட 2 முதல் 9 மடங்கு வரை இருப்பது ஏற்கத்தக்கது என்று பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டி கூறுகிறது. ஆய்வகத்தின் மேலெல்லை 65 பிகோகிராம் என்றால் 130க்கும் 585க்கும் இடையில் இருக்கலாம். அக்காவுக்கு இருந்தது 95. மற்றவர்களுக்கு இது உயர்வு. டயாலிசிஸ் செய்பவருக்கு இது தாழ்வு.

நீரிழிவு உள்ள சிறுநீரக நோயாளிகளிடம் இந்தத் தாழ்வு அதிகமாகக் காணப்படுகிறது. ஹார்மோன் தாழ்ந்திருந்தால் எலும்பு பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலையில் மந்தமாகிவிடுகிறது. மந்தமான எலும்பு கால்சியத்தைக் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. களஞ்சியம் கதவை அடைத்துக்கொண்ட பிறகு வண்டி வண்டியாக நெல்லை அனுப்பினால் அது தெருவில்தான் கொட்டும். இங்கே தெரு என்பது இரத்தக் குழாயின் சுவர். சர்க்கரையால் ஏற்கெனவே புண்பட்ட குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து இறுகுவது, டயாலிசிஸ் நோயாளிகளின் இதயக் கோளாறுகளுக்கு ஒரு முக்கியமான காரணம். அக்காவிடம் மருத்துவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கான விடையில் பாதி இதுவே.

கால்சியமும் சர்க்கரையும் சந்திக்கும் இடம்

மீதிப் பாதிக்குக் கணையத்துக்குள் போக வேண்டும். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா உயிரணுவுக்குள் குளுக்கோஸ் நுழைந்து எரியும்போது ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. அதனால் உயிரணுச் சுவரிலுள்ள பொட்டாசியக் கதவுகள் மூடிக்கொள்கின்றன. மின்னழுத்தம் மாறிக் கால்சியக் கதவுகள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியமே இன்சுலின் பைகளை வெளியே தள்ளுகிறது. உயிரணுவின் வெளியே இருக்கும் அயனிக் கால்சியத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் சும்மா இருக்கும் வேளையில் உள்ளே இருக்கிறது. இந்த வேறுபாடு இருப்பதால்தான் சிறு பாய்ச்சல்கூடத் தெளிவான கட்டளையாகிறது.

பாராதைராய்டு ஹார்மோன் நெடுங்காலம் மிகுந்திருந்தால் உயிரணுவுக்குள் கால்சியத்தின் அடிமட்டமே உயர்ந்துவிடுகிறது. கோயிலில் கூட்டத்தின் இரைச்சல் ஏறிய பிறகு பூசை மணி அடித்தாலும் காதில் விழாததைப் போல, குளுக்கோஸ் எழுப்பும் பாய்ச்சல் அந்த உயர்ந்த மட்டத்தில் கரைந்துபோகிறது. இன்சுலின் போதிய அளவு வெளிவருவதில்லை. ஷால் மாஸ்ரி என்ற சிறுநீரக அறிஞரின் குழு 1980களில் இதை விலங்குகளிடம் காட்டியது. பாராதைராய்டு சுரப்பிகளை முன்பே அகற்றிய நாய்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கெடவில்லை. சுரப்பிகள் இருந்த நாய்களுக்குக் கெட்டது. ஆனால் இன்சுலினுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு இரு கூட்டத்திலும் ஒன்றாகவே இருந்தது. அந்த எதிர்ப்பு தசையில் நிகழ்வது. தேங்கிய கழிவுகளும் இரத்தத்தின் அமிலத்தன்மையும் அதற்குக் காரணமாகின்றன. ஒழுங்காக டயாலிசிஸ் செய்யத் தொடங்கியதும் அது ஓரளவு தளர்கிறது என்று ரால்ஃப் டிஃப்ரோன்சோவின் குழு 1978இல் மனிதர்களிடமே அளந்து காட்டியது.

இதிலிருந்து அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. ஹார்மோனைக் குறைத்தால் சர்க்கரை சீராகும் என்றும், கால்சியத்தைக் கூட்டினால் ஹார்மோன் குறையும் என்றும் இரண்டு வரியை ஒட்டி, ஆகவே கால்சியம் சாப்பிட்டால் சர்க்கரை குறையும் என்று யாரோ எழுதியதை மருமகன் எனக்கு அனுப்பியிருந்தான். அக்காவின் ஹார்மோன் ஏற்கெனவே தாழ்வில் இருக்கிறது. அவருடைய சர்க்கரைக் குழப்பத்துக்கு அந்த ஹார்மோன் காரணமே இல்லை. அவருடைய பக்கத்து நாற்காலியில் அமரும் அம்மையாருக்கோ ஹார்மோன் 900ஐத் தாண்டியிருந்தது. அவரிடம் இந்த விளக்கம் பொருந்தக்கூடும். அவரிடம்கூட, ஹார்மோனைக் குறைப்பது எலும்புக்காகவும் குழாய்க்காகவும் செய்ய வேண்டியது. சர்க்கரையில் வரும் நன்மை வந்தால் கூடுதல் வரவு என்ற அளவில் நின்றுகொள்வதே நேர்மை. மறுபக்கம், அயனிக் கால்சியம் உண்மையிலேயே மிகவும் இறங்கிவிட்டால் இன்சுலின் சுரப்பும் தளரும், இதயத் துடிப்பும் பிறழும். கால்சியம் குறையக் குறைய நல்லது என்பதும் பிழையே.

செயலிழந்த சிறுநீரகம் சர்க்கரைக் கணக்கில் செய்யும் இன்னொரு மாற்றம் நேர் எதிரானது. இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஊசி வழியாகப் போடும் இன்சுலின் முதலில் கல்லீரலைக் கடக்காமல் நேரே இரத்தத்துக்கு வருவதால் அதற்கு இந்தப் பங்கு இன்னும் பெரிது. சிறுநீரகம் ஓய்ந்ததும் போட்ட இன்சுலின் நெடுநேரம் தங்குகிறது. பட்டினி வேளையில் புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து உதவும் வேலையையும் சிறுநீரகம் கைவிட்டிருக்கும். ஆகவேதான் சிறுநீரகத்தின் வடிதிறன் (நிமிடத்துக்கு வடிகட்டும் மில்லிலிட்டர்) 10க்குக் கீழே இறங்கியவர்களுக்கு இன்சுலினைப் பாதியாகக் குறைப்பது பழக்கத்திலுள்ள ஒரு கணக்கு. அக்கா ஒரு காலத்தில் நாளைக்கு 46 அலகு போட்டுக்கொண்டார், இப்போது 20. சர்க்கரை நோய் குணமாகி வருகிறது என்று அதை உறவினர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல எனக்குத்தான் மனம் வரவில்லை.

அதே கொண்டாட்டத்துக்கு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் துணை போனது. அது 6.3 என்று வந்தபோது அக்காவின் விரல்நுனிச் சோதனைகள் 11, 12 மில்லிமோல் என்று காட்டிக்கொண்டிருந்தன. டயாலிசிஸ் நோயாளிகளின் சிவப்பணுக்கள் குறைந்த நாளே வாழ்கின்றன. இரத்தச்சோகைக்காகப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி இளம் அணுக்களைப் பெருக்குகிறது. இளம் அணுவில் சர்க்கரை ஒட்டப் போதிய காலம் இருப்பதில்லை. ஆகவே அந்த எண் உண்மையைவிடத் தாழ்வாகவே காட்டும். மாத்திரை மாற்றத்தால் சர்க்கரையில் என்ன நேர்ந்தது என்று பார்க்க விரும்புபவர்கள் விரல்நுனிக் குறிப்பேட்டையே நம்ப வேண்டும்.

இரண்டு மாத்திரைகள்

இரண்டும் ஒரே வேலைக்காகக் கொடுக்கப்படுபவை. உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதே அந்த வேலை. எலும்புக்கு வலுவூட்டத் தருகிறார்கள் என்று அக்கா இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்ததால் மாத்திரைகளைக் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒருசேரப் போட்டுக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றில் பிடிப்பதற்குப் பாஸ்பேட் இல்லை; கால்சியம் மட்டும் உடலுக்குள் ஏறும். மருந்து அப்படியே இருக்க, நேரம் தவறியதால் அதன் பொருளே மாறிப்போயிற்று.

கால்சியம் கார்பனேட்டில் 40 விழுக்காடு கால்சியம். 1250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம். அக்காவுக்கு நாளைக்கு நான்கு, அதாவது 2000 மில்லிகிராம். 2003இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டி இத்தகைய மாத்திரைகள் வழியாக 1500ஐத் தாண்ட வேண்டாம் என்றது; 2017இல் திருத்தப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி எண் எதையும் கூறாமல், கால்சியம் கலந்த மாத்திரையின் அளவைக் கட்டுப்படுத்துமாறு சொல்கிறது. இம்மாத்திரையின் பெரிய நன்மை விலை. இரண்டாவது நன்மை, கால்சியம் உண்மையில் தாழ்ந்து ஹார்மோன் ஏறியிருப்பவருக்கு ஒரே மாத்திரையில் இரண்டு வேலை முடிவது. அமிலம் இருந்தால்தான் இது நன்கு கரையும் என்பதால் வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுபவரிடம் இதன் பிடிப்பு குறையலாம். கால்சியம் அசிட்டேட்டுக்கு அந்தக் குறை குறைவு, கால்சியச் சுமையும் குறைவு. கிடைக்குமானால் கார்பனேட்டுக்கும் செவெலமருக்கும் நடுவிலுள்ள நியாயமான படி அது.

செவெலமர் உடலுக்குள் ஈர்க்கப்படாத ஒரு பல்லுறுப்புப் பொருள். பாஸ்பேட்டோடு பித்த அமிலங்களையும் பிடித்துக்கொள்வதால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கணிசமாகக் குறைகிறது. நீரிழிவு உள்ளவருக்கு இது சிறிய நன்மையன்று. 800 மில்லிகிராம் மாத்திரையை மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும்; ஈரம் பட்டால் அது உப்பும். மலச்சிக்கல், வயிற்று உப்புசம், குமட்டல் ஆகியவை இதன் பெரிய தொல்லைகள். சர்க்கரையால் நரம்பு தளர்ந்து இரைப்பை மெல்லக் காலியாகும் நிலையில் உள்ளவர்களுக்கு இத்தொல்லை இரட்டிப்பாகும். விலையோ கார்பனேட்டைவிடப் பல மடங்கு. நாளைக்கு மூன்று முதல் ஆறு மாத்திரை வரை, அதுவும் வாழ்நாள் முழுதும் என்னும்போது குடும்பத்தின் மாத வரவைப் பார்க்காமல் இதில் பேச்சே இல்லை.

சான்றுகள் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லவில்லை. 2002இல் 200 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஓராண்டு நடந்த ஆய்வில், கால்சியம் சாப்பிட்டவர்களின் இதயக் குழாய்ப் படிவு ஏறியது. செவெலமர் சாப்பிட்டவர்களிடம் அவ்வாறு ஏறவில்லை. ஆனால் 2007இல் 2,000க்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் மொத்த இறப்பில் வேறுபாடு இல்லை; 65 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் செவெலமர் பக்கம் நன்மை தென்பட்டது. 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கால்சியம் இல்லாத மாத்திரைகளில் இறப்பு 22 விழுக்காடு குறைவு என்று வந்தது. கால்சியம் இல்லாத இன்னொரு மாத்திரையான லாந்தனத்தைக் கால்சியம் கார்பனேட்டோடு ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வு 2021இல் வெளிவந்தபோது இதய நிகழ்வுகளில் வேறுபாடு காணப்படவில்லை. இவற்றையெல்லாம் படித்த பின் ‘செவெலமர் உயிரைக் காக்கும்’ என்று என்னால் எழுத முடியாது. ஹார்மோன் தாழ்ந்து குழாய் இறுகிய ஒருவருக்கு 2000 மில்லிகிராம் கால்சியத்தை நியாயப்படுத்தவும் முடியாது.

செவெலமர் சர்க்கரையைக் குறைக்கும் என்ற பேச்சும் உண்டு. 2012இல் டயாலிசிஸ் நிலையை எட்டாத நீரிழிவுச் சிறுநீரக நோயாளிகள் சிலரிடம் எட்டு வாரம் நடந்த சிறு ஆய்வில் ஹெச்பிஏ1சி குறைந்ததாகக் கண்டார்கள்; பின்னர் நடந்த பெரிய ஆய்வில் அக்குறைவு காணப்படவில்லை. சர்க்கரைக்காக இதை வாங்க வேண்டாம்.

விரத நாள்கள்

மருத்துவமனையில் தரும் அச்சிட்ட அறிவுரையில் இல்லாத ஒன்று நம் வாழ்வில் ஆண்டுதோறும் வருகிறது. தைப்பூசக் காவடிக்குக் கொடி ஏறியதிலிருந்து பத்து நாள் விரதம். அக்கா காவடி எடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன; விரதத்தை நிறுத்தவில்லை. பகலில் ஒருவேளை சோறு, மற்ற வேளைகளில் ஏதோ கொஞ்சம். இன்சுலினோ வழக்கமான அளவு. கால்சியம் மாத்திரையோ வழக்கமான நான்கு. சென்ற ஆண்டு ஆறாம் நாள் விடியலில் வியர்த்து, பேச்சுக் குழறிக் கிடந்தார், விரல்நுனியில் 2.6. சர்க்கரை நீர் கொடுத்துச் சரிசெய்தோம். விரதத்தில் இன்சுலினைக் குறைக்க வேண்டும் என்பது எல்லா நீரிழிவு நோயாளிக்கும் தெரிந்திருக்கலாம். இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும் இவர்களுக்கு அது மும்மடங்கு முக்கியம். கிளிபென்கிளமைடு போன்ற பழைய சர்க்கரை மாத்திரைகளும் இதே காரணத்தால் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆகாது. உண்ணாத வேளைக்கு மாத்திரையும் இல்லை என்பது பாஸ்பேட் மாத்திரைக்குரிய விதி. கால்சியம் வகையைப் பொறுத்தவரை அதை மீறினால் தீங்கு நேரே ஏறும், செவெலமர் வகையில் மீறினால் பணம்தான் வீண். இந்த வேறுபாடு ஒன்றே, பத்து நாள் விரதமும் புரட்டாசிச் சனிக்கிழமைகளும் உள்ள ஒரு வீட்டில் செவெலமர் பக்கம் எடை சேர்க்கிறது.

உதட்டோரக் குறுகுறுப்பு, விரல் மரத்தல், தசைப்பிடிப்பு ஆகியவை கால்சியம் இறங்கியதன் அறிகுறிகள்; வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்கியதன் அறிகுறிகள். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒரே மணியில் வரக்கூடும். எது என்று ஊகிக்காமல் முதலில் விரலைக் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

விரத உணவு பாஸ்பேட் கணக்கில் நமக்கு உதவுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பருப்பிலும் பயற்றிலுமுள்ள பாஸ்பேட் பெரும்பாலும் ஃபைட்டேட் வடிவில் கட்டுண்டிருப்பதால் அதில் ஏறத்தாழப் பாதியே உடலில் சேர்கிறது. டின் மீன், சாசேஜ், பதப்படுத்திய சீஸ், கோலா ஆகியவற்றில் பதப்படுத்தக் கலக்கும் பாஸ்பேட் ஏறத்தாழ முழுதாகச் சேர்கிறது. தால் பூரியைக் கண்டு அஞ்சிய அக்கா, போர்ட் லூயி சந்தைக்குப் போனால் அலூடா ஒரு குவளை குடிக்காமல் திரும்பியதில்லை; பாலின் பாஸ்பேட்டும் சர்க்கரைப் பாகும் ஒரே குவளையில் சேர்ந்தது அது. ஏழு கறி விருந்தில் பலாக்காயும் வாழைக்காயும் பொட்டாசியத்தால் தனியே கவனிக்க வேண்டியவை.

எந்திரத்தின் நீரும் வயிற்றுப் பையும்

மாத்திரையைப் பற்றி மட்டும் பேசி, வாரம் மூன்று முறை நான்கு மணி நேரம் இரத்தம் தொட்டுச் செல்லும் கரைசலை மறந்தால் ஒப்பீடு முழுமையடையாது. கரைசலில் கால்சியம் 1.25, 1.5, 1.75 மில்லிமோல் என்று வெவ்வேறு அளவில் வருகிறது. 1.75 என்றால் ஒவ்வொரு முறையும் உடலுக்குள் கால்சியம் ஏறும். வழிகாட்டி 1.25க்கும் 1.5க்கும் இடைப்பட்டதைப் பரிந்துரைக்கிறது. அதற்கும் கீழே போனால் இரத்த அழுத்தம் சரிவதும் இதயத் துடிப்பு பிறழ்வதும் மிகும். ஆகவே கால்சியம் மாத்திரையை நிறுத்தும் முன், கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1.25இல் இருப்பவர் மாத்திரையையும் முழுதாக நிறுத்தினால் மெல்ல மெல்ல உண்மையான தாழ்வுக்குப் போகலாம். கரைசலில் குளுக்கோஸ் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. குளுக்கோஸ் இல்லாத கரைசல் நீரிழிவு நோயாளியின் சர்க்கரையை உருவிவிடும், 5.5 மில்லிமோல் அளவில் இருந்தால் அந்த அச்சம் பெரிதும் குறைகிறது.

வீட்டிலேயே வயிற்றறையில் நீரேற்றி வடிக்கும் பெரிட்டோனியல் டயாலிசிசுக்கு மாறலாமா என்ற பேச்சும் எழுந்தது. அக்காவின் வீட்டுக்கு மருத்துவமனை தொலைவு. ஆனால் அம்முறையில் நீரை இழுப்பதே குளுக்கோசுதான்; நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் வரை உடலில் சேரும். அடர்ந்த 3.86 விழுக்காட்டுப் பை ஒன்றில் மட்டும் 77 கிராம் இருக்கிறது. குளுக்கோசுக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த பையை இரவில் பயன்படுத்தலாம். அப்போது அது உடலில் மால்டோசாக உடைவதால் சில வகைச் சர்க்கரைக் கருவிகள் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டு உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு. கருவியின் வகையை முன்பே உறுதிசெய்யாமல் அப்பையைத் தொடக்கூடாது. இன்சுலின் 20 அலகில் நிலைப்பட்ட ஒருவருக்கு இவ்வளவு சர்க்கரைச் சுமையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறுநீர் இன்னும் ஓரளவு வருபவராகவும் இதயம் வேகமான நீரகற்றலைத் தாங்காதவராகவும் இருந்தால் என் கருத்து மாறும்.

ஹார்மோனைக் குறைக்கும் கால்சிட்ரியால், சினகால்செட், பாராதைராய்டு சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் பக்கத்து நாற்காலி அம்மையாருக்குரியவை. ஹார்மோன் 95 உள்ளவருக்கு மூன்றுமே வேண்டா. கால்சிட்ரியால் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சேர்த்தே ஏற்றும், சினகால்செட் இரண்டையும் ஹார்மோனையும் இறக்கும் என்பதையும், அறுவைக்குப் பின் பசித்த எலும்பு கால்சியத்தை வாரி விழுங்கிக் கடுந்தாழ்வு வரக்கூடும் என்பதையும் அவர் குடும்பத்தாரிடம் சொன்னேன். அவருக்குக் கால்சியம் கார்பனேட்டே சரி என்று அவருடைய மருத்துவர் தொடர்ந்தார். கால்சியமும் தாழ்ந்திருந்த அவருக்கு அது நியாயமான முடிவுதான்.

எங்கள் வீட்டு முடிவு இப்படி ஆயிற்று. அக்காவின் அயனிக் கால்சியம் 1.14 என்று வந்தது; சற்றே தாழ்வு, அஞ்சும் அளவன்று. கரைசல் 1.5இல் இருந்தது, அதை மாற்ற வேண்டாம் என்றார் மருத்துவர். கால்சியம் கார்பனேட்டை நான்கிலிருந்து ஒன்றாக்கி, அதையும் மதியச் சோற்றின் முதல் கவளத்தோடு வைத்தோம். பாஸ்பேட் மிகுந்த இரவு உணவுக்குச் செவெலமர் இரண்டு. முழுதாகச் செவெலமருக்கே மாறப் பணம் இடம் கொடுக்கவில்லை என்பதே இந்தக் கலப்புக்கு உண்மையான காரணம். மூன்று மாதத்தில் பாஸ்பேட் 2.1இலிருந்து 1.8க்கு இறங்கியது, ஹார்மோன் 95இலிருந்து 140க்கு ஏறியது, மருத்துவருக்கு அந்த ஏற்றமே மகிழ்ச்சி தந்தது. விரல்நுனிச் சர்க்கரையில் குறிப்பிடும்படியான மாற்றம் ஒன்றுமில்லை. மலச்சிக்கல் வந்தது, மருத்துவர் அதற்கு லாக்டுலோஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார். காவடிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அந்தப் பத்து நாளுக்கான இன்சுலின் அளவை இப்போதே எழுதி வாங்கிவர அடுத்த செவ்வாய்க்கிழமை நானும் அக்காவுடன் போகிறேன்.